சர்வோ முதல் எலிவேட்டர் வரை: எந்தக் கம்பி, எந்தக் கொக்கி?

ரேடியோ விமானம் கட்ட உட்காருகிறவர்கள் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எத்தனை சேனல், எவ்வளவு தூரம் எட்டும், எந்த ரிசீவர் சேரும் என்று கேட்காத கேள்வி கிடையாது. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அதே அக்கறை. ரிசீவர் சொல்கிறபடி கை திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவில் தொடங்கி, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பான எலிவேட்டரில் முடிகிற அந்த ஒரு முழக் கம்பியும் அதன் இரண்டு முனைகளும் மட்டும் "பெட்டியில் வந்ததே போதும்" என்று விடப்படுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தபிறகு சிக்னல் குறுக்கீட்டால் விமானம் விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. விழுந்ததைப் பொறுக்கி எடுத்து நிதானமாகப் பார்த்தால் கழன்ற கிளெவிஸ் (கம்பி முனைக் கொக்கி), வில்லாக வளைந்த கம்பி, பிடுங்கிக்கொண்ட ஹார்ன் (கம்பியை மாட்ட எலிவேட்டரில் நிற்கும் துளையுள்ள காது) என்று ஏதாவது கண்ணில் படும். பார்க்காவிட்டால் "சிக்னல் கட்" என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்திலும் அதே கம்பியைப் போடுவோம்.

நான் மனதில் வைத்திருப்பது 1.2 முதல் 1.5 மீட்டர் இறக்கையுள்ள, ஒன்று ஒன்றரைக் கிலோ எடையுள்ள மின்சார டிரெய்னர், அதாவது பறக்கப் பழகும் விமானம். ஃபோமோ பால்சா மரமோ, நம் பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை பெரும்பாலோர் கட்டுவது இந்த அளவில்தான்.

வெளியூர்க்காரர்கள் எழுதும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதில் குமரி மாவட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. குளச்சலோ முட்டமோ வேண்டாம், நாகர்கோவிலுக்குள்ளேயே உப்புக்காற்று வருகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு. ஆண்டில் பாதிநாள் ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். பறக்க வாகான காலம் என்றால் கும்பப்பூ அறுவடை முடிந்து நாஞ்சில்நாட்டு வயல்கள் காய்ந்து கிடக்கிற பிப்ரவரி, மார்ச் மாதங்கள், அதுவும் முற்பகலில் கடற்காற்று எழும்புவதற்குள். உப்பு, ஈரம், காற்று, வெயில் நான்குக்கும் ஈடுகொடுப்பது எது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஆட்டம். பேட்டரியைச் செருகி, டிரான்ஸ்மிட்டர் குச்சியை நடுவில் விட்டுவிட்டு, எலிவேட்டரின் பின்விளிம்பை இரண்டு விரலால் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சர்வோ முனகத் தொடங்குவதற்கு முன் விளிம்பு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவும் ஆட்டம். கிளெவிஸ் ஊசி 1.6 மி.மீ., ஹார்ன் துளை 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 0.4 மி.மீ. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துளை கீல் கோட்டிலிருந்து 10 மி.மீ. தள்ளியிருந்தால், 40 மி.மீ. அகலமுள்ள எலிவேட்டரின் பின்விளிம்பு 1.6 மி.மீ. சும்மா ஆடும். அதே கிளெவிஸை 20 மி.மீ. தள்ளியுள்ள துளைக்கு மாற்றினால் ஆட்டம் பாதியாகிவிடும், பைசா செலவில்லாமல். ஆகவே ஹார்னில் வெளித்துளை, சர்வோ கையில் உள்துளை. இப்படிச் செய்தால் எலிவேட்டரின் அசைவு குறையும். டிரெய்னருக்கு அந்த அளவே போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அசைவு அதிகமாகிப்போனதும் டிரான்ஸ்மிட்டரில் 50 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்போது சர்வோ தன் ஓட்டத்தில் பாதியை வைத்தே வேலை செய்கிறது, ஆட்டமோ குறையாமல் அப்படியே நிற்கிறது.

ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் ஃபிளட்டர். வேகம் ஒரு எல்லையைத் தாண்டும்போது, தளர்ந்த பரப்பைக் காற்று பிடித்துப் படபடவென்று அடிக்கத் தொடங்கும். கீழே நிற்பவருக்கு ஒரு ரீங்காரம் கேட்கும். திராட்டிலை (மோட்டார் வேகத்தை) உடனே இறக்காவிட்டால் ஓரிரு நொடியில் கீல் கிழியும், அல்லது சர்வோ பல் போகும். ஃபிளட்டருக்குக் கணக்கு விமானத்தின் மேல் ஓடும் காற்றின் வேகம்தான். தரையிலிருந்து நாம் பார்க்கும் வேகம் அல்ல. ஆரல்வாய்மொழிப் பக்கம் பலத்த எதிர்க்காற்றில் விமானம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். முன்னேற்ற வேண்டுமென்று மூக்கைத் தாழ்த்தித் திராட்டிலை ஏற்றுவோம். பார்வைக்கு மெதுவாக ஊர்கிற அந்த நேரத்தில்தான் எலிவேட்டர் மிக அதிகமான காற்றைச் சந்தித்துக்கொண்டிருக்கும்.

இனி கம்பி. சர்வோ இழுக்கும்போது எந்தக் கம்பியும் தாங்கும். தள்ளும்போதுதான் அதன் தரம் தெரியும். சாதாரண 9 கிராம் சர்வோவின் திருப்புவிசை 1.8 கிலோ சென்டிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். மையத்திலிருந்து 10 மி.மீ. துளையில் அது 1.8 கிலோ தள்ளும். 1.5 மி.மீ. எஃகுக் கம்பி, 300 மி.மீ. நீளம், நடுவில் தாங்கல் ஏதுமில்லை என்றால் அரைக் கிலோ சுமைக்கே வில்லாக வளைந்துவிடும். அதே நீளத்தில் 2 மி.மீ. கம்பி ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ தாங்கும். 1.5 மி.மீ. கம்பியையே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் தாங்கும் நீளம் பாதியாகிறது, வலு நாலு மடங்காகிறது: இரண்டு கிலோவுக்கு மேல். ஆக, தடித்த கம்பி வாங்கக் காசில்லாதவர் தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலைக் கழுவி, ஒரு துண்டு வெட்டி, உடற்பகுதியின் உள்சுவரில் ஹாட் குளூ வைத்து ஒட்டி, கம்பியை அதற்குள் விட்டாலே போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஹார்னை எந்தப் பக்கம் வைப்பது என்பது. எலிவேட்டரின் மேற்பக்கம் ஹார்ன் இருந்தால், கம்பியை முன்னால் இழுக்கும்போது எலிவேட்டர் மேலே போகும். டைவிலிருந்து விமானத்தை நிமிர்த்தும்போதுதான் கம்பிக்கு உச்சச் சுமை. அந்தச் சுமை இழுவிசையாக வந்தால் கம்பி வளையவே முடியாது. கீழே வைத்தால் அதே நேரத்தில் தள்ள வேண்டிவரும். தோற்றத்துக்காக ஹார்னைக் கீழே மறைத்து வைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துவிட்டு வைக்கட்டும்.

பிளாஸ்டிக் குழாய்க்குள் பிளாஸ்டிக் குழாய் ஓடும் புஷ்ராட் (தள்ளுகம்பி) வளைந்து நெளிந்த பாதைக்கு வசதி. பால்சா உடற்பகுதியில் அதை எலிவேட்டருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நைலான் வெப்பத்தில் நீளும். 600 மி.மீ. நீளக் குழாய், நிழலிலிருந்து வெயிலுக்கு வந்து 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு மி.மீ. நீளும். பால்சா அந்த அளவுக்கு நீளாது. காலை ஏழு மணிக்கு டிரிம் (குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கவைக்கும் நுண்திருத்தம்) சரியாக வைத்த விமானம் பத்து மணிக்கு மூக்கைத் தூக்கவோ தாழ்த்தவோ ஆரம்பிக்கும். நைலான் ஈரத்தையும் குடிக்கும். ஐப்பசி மழையில் ஊறியிருந்து மாசி வெயிலில் காய்ந்தால் அதிலும் அளவு மாறும். மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பரப்பான ரட்டருக்குப் போடலாம். அங்கே சிறு மாற்றம் பெரிதாகத் தெரியாது.

எஃகுக் கம்பியைக் குழாய்க்குள் விடுவதில் வெயில் தொந்தரவு இல்லை, துரு உண்டு. இது மெல்ல வருகிற வியாதி. குழாயின் வாயில் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கம்பியைக் கழற்றி விரலால் தடவுங்கள், சொரசொரப்பு தட்டும். அந்தச் சொரசொரப்பு சர்வோவை நடுவுக்குச் சரியாகத் திரும்ப விடாது. மேலே இழுத்து விட்டால் ஓரிடத்தில் நிற்கும், கீழே இழுத்து விட்டால் வேறிடத்தில் நிற்கும். பறக்கும்போது டிரிம் பட்டனை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், சர்வோவைக் குறைசொல்லுமுன் கம்பியை உருவிப் பாருங்கள்.

கார்பன் குழாய்க்குத்தான் என் முதல் ஓட்டு. வெளிவிட்டம் 3 மி.மீ., உள்விட்டம் 2 மி.மீ. உள்ள குழாய் 300 மி.மீ. நீளத்தில் தாங்கலே இல்லாமல் சுமார் மூன்றரைக் கிலோ தாங்கும். சர்வோ தள்ளக்கூடியதைப் போல இரண்டு மடங்கு. வெயிலுக்கு நீளாது, துருப்பிடிக்காது. முனைக்குச் சைக்கிள் ஸ்போக். 14 கேஜ் ஸ்போக்கின் தடிமன் 2 மி.மீ., மரை அங்குலத்துக்கு 56; அதாவது 2-56 என்ற அமெரிக்க மரை அளவுள்ள கிளெவிஸுக்கு இணை. எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். எவர்சில்வர் ஸ்போக்காகக் கேட்டு வாங்குங்கள். மரை வெளியே இருக்க, 25 மி.மீ. குழாய்க்குள் போகும்படி வெட்டி, உப்புத்தாளால் சுரண்டி, எபாக்சி தடவிச் செருக வேண்டும். குழாயின் வாய் பிளக்காமலிருக்க வெளியே நூல் சுற்றி அதன்மேல் இன்ஸ்டன்ட் பசை. எபாக்சியில் கஞ்சத்தனம் வேண்டாம். கார்பனும் சாதா எஃகும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு உப்பீரத்தில் இருந்தால் எஃகு சீக்கிரம் அரிக்கும். நடுவில் எபாக்சி ஒரு தோலாக இருந்தால் அது தடைபடும். கார்பனுக்கு ஒரே ஒரு குறை, அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். ரிசீவர் ஆன்டெனா நுனியைக் குழாயை ஒட்டிப் போடாமல் தள்ளி வையுங்கள்.

குடைக்கம்பியைப் பற்றியும் கேட்பார்கள். மழை ஊரில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை. சின்ன ஃபோம் கிளைடருக்குச் சரி. மரை போட முடியாது, மேற்பூச்சு போனதும் துருப்பிடிக்கும். நாம் பேசுகிற அளவு விமானத்துக்கு வேண்டாம்.

முனைகளுக்கு வருவோம். தேர்வு உண்மையில் இங்கேதான் கடினம்.

எல்லாவற்றிலும் எளிது ஸ்க்ரூ கனெக்டர். சர்வோ கையில் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ், அதன் ஓட்டையில் கம்பி, மேலே ஒரு திருகு. நீளத்தைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். "இதுதாண்ணே ஈசி, கிளெவிஸைத் திருகிக்கிட்டு யாரு இருப்பா?" என்று மைதானத்தில் பையன்கள் கேட்கிறார்கள். ஈசிதான் தம்பி. ஆனால் அந்த இணைப்பு முழுக்க ஒரு திருகின் நுனி கம்பியைக் கவ்வுகிற பிடியில் நிற்கிறது. மோட்டார் அதிர்வில் திருகு தளரும், வழவழப்பான கம்பி வழுக்கும், அடியில் உள்ள நட்டு கழலும். என்ஜின் விமானத்தின் திராட்டிலுக்கும் முன்சக்கரத்துக்கும் போடலாம். அவை வழுக்கினால் விமானம் தப்பிக்கும். எலிவேட்டரில் வழுக்கினால் தப்பாது. போட்டே ஆகவேண்டுமென்றால் திருகு உட்காரும் இடத்தில் கம்பியை அரம் போட்டுத் தட்டையாக்கி, மரைக்கு நீலநிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள்.

சர்வோ முனைக்கு என் தேர்வு இசட் வளைவு. கம்பியையே இரண்டு முறை மடித்துச் சர்வோ கையின் துளைக்குள் நுழைத்துவிடுவது. கழல அதில் ஒன்றுமே இல்லை. துளை கம்பிக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவே. கம்பியைத் துளையில் விட்டுக் குடைந்து பெரிதாக்காமல், கம்பியின் அளவுக்கே துரப்பண ஊசி எடுத்துத் துளையிடுங்கள்.

ஹார்ன் முனைக்கு நைலான் கிளெவிஸ். கவட்டை மாதிரி இரண்டு கால்களும் நடுவில் ஊசியும் உள்ள கொக்கி. நைலானா உலோகமா என்று வரும் கேள்விக்கு, இந்த அளவு விமானத்துக்கு நைலான்தான் என்பேன். துருப்பிடிக்காது, ஹார்னின் துளையை அறுக்காது, விலையும் அற்பம். உலோகத்தோடு உலோகம் உரசினால் ரேடியோவில் இரைச்சல் வரும் என்ற பயம் 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் நியாயமாக இருந்தது. இப்போது அதற்காக உலோகக் கிளெவிஸை ஒதுக்க வேண்டியதில்லை. நான் ஒதுக்குவது வேறு காரணங்களுக்காக. எஃகு ஊசி நைலான் ஹார்னின் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாக்கிவிடும், ஆட்டம் மறுபடி வந்துவிடும். உலோக மரை தானாகக் கழலும், லாக் நட்டு கட்டாயம் வேண்டும். பற்றவைக்கும் வகை என்றால் மிஞ்சிய ஃபிளக்ஸை (ஈயம் பிடிக்கத் தடவும் பசையை) ஆப்பசோடாத் தண்ணீரில் கழுவாவிட்டால் நம் உப்புக்காற்றில் ஒரு மழைக்குள் பச்சையும் பழுப்புமாகப் பூத்துவிடும். இரண்டு கிலோவைத் தாண்டிய, வேகமான விமானத்துக்கு 4-40 அல்லது எம்3 என்ற பெரிய மரை அளவில் உலோகம் நியாயம்தான். அப்போது ஹார்னும் கண்ணாடியிழைத் தகடாக இருக்கட்டும்.

நைலான் கிளெவிஸில் கவனிக்க வேண்டிய ஆபத்து மரைப் பொருத்தம். ஆன்லைனில் ஒரு கடையில் கம்பியும் இன்னொரு கடையில் கிளெவிஸும் வாங்கும்போது 2-56 ஒன்றும் மெட்ரிக் அளவான எம்2 ஒன்றும் கலந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 2-56இன் விட்டம் 2.18 மி.மீ., மரை இடைவெளி 0.45; எம்2இன் விட்டம் 2 மி.மீ., இடைவெளி 0.4. எம்2 கம்பியில் 2-56 கிளெவிஸ் வெண்ணெயாக ஏறும். அப்படி ஏறினாலே சந்தேகப்படுங்கள், இழுத்தால் உருவிக்கொண்டு வரும். மாற்றிப் போட்டால் கிளெவிஸின் கழுத்து விரிசல் விடும். சரியான ஜோடி கொஞ்சம் முரண்டு பிடித்து ஏறும், கம்பியின் நுனி கவட்டைக்குள் தெரியும். திருகியபின் கம்பியை இடுக்கியில் பிடித்து, கிளெவிஸைக் கையால் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். கடைசியாக, சிலிகான் குழாயில் ஒரு வளையம் வெட்டிக் கவட்டைக் கால்கள் மேல் ஏற்றிவிட வேண்டும். புல்லில் உரசிக் கவட்டை திறந்துகொள்வதை அந்த வளையம் ஒன்றுதான் தடுக்கிறது. எரிபொருள் குழாய் விற்கிற எந்த ஹாபி கடையிலும் கிடைக்கும்.

பால் லிங்க் (ஒரு பந்தும் அதைக் கவ்வும் கிண்ணமுமான முனை) ஆட்டமே இல்லாதது, கோணலான பாதைக்கும் இடம்கொடுப்பது. பெரிய ஏரோபாட்டிக் விமானத்துக்கு அதை விட்டால் வேறில்லை. நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தளராத நட்டு), கிண்ணம் கழன்றாலும் பந்தை விட்டு ஓடிப்போகாதபடி பெரிய வாஷரும் சேர்த்துப் போட வேண்டும். டிரெய்னருக்கு அந்தச் செலவு தேவையில்லை. கடற்கரையில் இறக்குகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் சாதாரண மணல் அல்ல; இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்தது, கடினமானது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தால் அரைத்தெடுத்துவிடும். மோட்டாரின் காந்தத்திலும் அந்தக் கருமணல் ஒட்டிக்கொள்ளும், அது தனிக் கதை.

ரட்டருக்கு இரட்டை இழுகம்பி முறை அழகானது. இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய கம்பி, சர்வோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று இழுக்கும். வளைவது என்ற பேச்சே கிடையாது. நைலான் பூசிய மெல்லிய எஃகு முறுக்குக் கம்பியைத் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கவ்வி அழுத்தும் குழல்களும் சேர்த்துக் கிடைக்கலாம். தங்கூசி நரம்பைக் கட்டிவிடாதீர்கள். அது நீளும், வெயிலில் இன்னும் நீளும். சர்வோ கையிலும் ஹார்னிலும் துளைகளுக்கு இடையேயான அகலம் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் திரும்பும்போது தளர்கிற பக்கம் தொங்கும், அல்லது இறுகுகிற பக்கம் சர்வோவின் அச்சைப் பிடித்து இழுக்கும்.

கீலைப் பற்றிச் சுருக்கமாக. ஃபோமில் டேப் கீல் நல்லதுதான், ஆனால் ஈரத்தில் ஓரம் கிளம்பும். மழைக்காலம் முடிந்ததும் பழைய டேப்பை உரித்துப் புதிது ஒட்டுங்கள். பால்சாவில் இன்ஸ்டன்ட் பசை கீலோ ஊசிக் கீலோ எதுவானாலும், பசை காய்ந்தபின் ஒவ்வொரு கீலாகப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் மேலே தாள் ஒட்டக்கூடாது. கீல் இடுக்கை டேப்பால் மூடினால் ஃபிளட்டரும் குறையும்.

சர்வோவில் பிளாஸ்டிக் பல்லா உலோகப் பல்லா என்பதற்கு ஒரு குமரிக் காரணத்தைச் சொல்லலாம். காற்றுக் காலத்தில் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து வரும் ஒரு வீச்சு எலிவேட்டரைப் படாரென்று அடிக்கும். பிளாஸ்டிக் பல்லில் ஒன்று அப்போதே உடைந்திருக்கும், வெளியே தெரியாது. எலிவேட்டர் சர்வோ ஒன்றையாவது உலோகப் பல்லாகப் போடுங்கள். மூக்கைக் காற்றுப் பார்த்து நிறுத்துங்கள்.

காசு குறைவாக இருந்து ஒரே ஒரு இடத்தில்தான் செலவழிக்க முடியுமென்றால் எலிவேட்டரில் செலவழியுங்கள்: கார்பன் குழாய், ஸ்போக் முனை, சர்வோ பக்கம் இசட் வளைவு, ஹார்ன் பக்கம் வளையம் போட்ட நைலான் கிளெவிஸ். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பரப்பான ஏலரானின் கம்பிகள் குட்டையானவை, 2 மி.மீ. ஸ்போக்கை அப்படியே வெட்டிப் போட்டால் போதும். ரட்டருக்குப் பெட்டியில் வந்த கம்பியே ரீஃபில் தாங்கலோடு ஓடட்டும். ஆர்டர் போட்ட சாமான் வந்துசேர நாளாகும் என்பதால் ஒரே மரை அளவில் ஐந்தாறு கிளெவிஸ், இரண்டு ஹார்ன், சர்வோ கையைப் பிடிக்கும் அந்தப் பொடித் திருகு நாலைந்து பெட்டியில் எப்போதும் கிடக்கட்டும். கடுமையாக இறங்கிய விமானத்தில் வெளியே ஒன்றும் உடையவில்லை என்றாலும், எலிவேட்டர் கிளெவிஸைக் கழற்றி ஊசியின் அடிப்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நைலான் வெளுத்த இடம் அடுத்த இழுப்பில் ஒடியும். அதை அங்கேயே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுங்கள்.